வேடிக்கை பார்க்காமல் என்ன செய்யலாம்? பெண்கள் மீதான பாலியல் தொல்லையும் பக்கத்தில் நிற்பவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கம், கல்லூரி, மகளிர் குழு என்று எங்கே இந்தப் பேச்சை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன். தொல்லை நடக்கும்போது பக்கத்தில் நிற்கிற மூன்றாவது ஆளுக்காக எழுதியது இது. சட்ட விவரங்கள் தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் உரியவை.

பஸ்ஸில் ஒருத்தன் ஒரு பெண்ணை உரசிக்கொண்டு நிற்கிறான். சந்தேகமாகத்தான் இருக்கிறது, உறுதியாகத் தெரியவில்லை. என்ன செய்வது?

உறுதியாகத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நம்மில் பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். அவன் தப்பானவன்தானா என்று மனசுக்குள் விசாரணை நடத்தி முடிப்பதற்குள் அந்தப் பெண் இறங்கிப் போயிருப்பாள். அவனை விட்டுவிடுங்கள், அவளைப் பாருங்கள். தலை குனிந்திருக்கிறதா, தோள்பையை முன்னால் இழுத்து மார்போடு அணைத்திருக்கிறாளா, அவள் ஒரு அடி நகர்ந்தால் அவனும் நகர்கிறானா, கூட்டம் இறங்கிய பிறகும் அவன் மட்டும் இடைவெளி விடாமல் நிற்கிறானா? இதில் ஒன்று இருந்தாலே நீங்கள் வாய் திறக்கப் போதும்.

திறந்து என்ன சொல்வது? எதை வேண்டுமானாலும். "ஏம்மா, சைதாப்பேட்டை தாண்டிருச்சா?" என்று அவளிடம் கேட்கலாம். "இப்படி முன்னாடி வந்து நில்லுங்க, இங்க இடம் இருக்கு" எனலாம். பழைய ஸ்கூல் தோழி மாதிரி, "நீ மாலதி தங்கச்சிதானே?" என்று ஆரம்பிக்கலாம். ஒருமுறை தாம்பரம் பக்கம் போகிற பஸ்ஸில் பூக்கார அம்மா ஒருவர் செய்ததைப் பார்த்தேன். கல்லூரிப் பெண் ஒருத்தி கம்பியைப் பிடித்தபடி உடம்பை வளைத்து வளைத்து விலகிக்கொண்டிருந்தாள், பின்னால் நின்ற ஆள் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசிப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூடையைத் தூக்கி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, "இந்தா கண்ணு, இதப் புடிச்சிக்கிட்டு இப்படி உக்காரு, எனக்குக் காலு மரத்துப்போச்சு, நான் கொஞ்சம் நிக்கறேன்" என்று எழுந்து அந்த இடத்தில் தானே நின்றார். அவ்வளவுதான். அடுத்த ஸ்டாப்பில் அந்த ஆள் இறங்கிவிட்டான்.

இதில் இன்னொரு சௌகரியம், உங்கள் சந்தேகம் தப்பாகவே இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருத்தருக்கு உட்கார இடம் கிடைத்தது, அவ்வளவே.

நேராக அவனையே கேட்டால் என்ன?

கேட்கலாம், சில நேரம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் சுருக்கமாக, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, செய்கிற காரியத்தைச் சொல்லிக் கேளுங்கள். "சார், கையை எடுங்க. தள்ளி நில்லுங்க." இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா" என்று ஆரம்பித்தால் அது பட்டிமன்றமாகிவிடும், அவனும் "நீ யாருடா கேக்கறதுக்கு" என்று எகிறுவான், அப்புறம் இரண்டு ஆண்களுக்கு நடுவே நடக்கிற சண்டையாகிப் போய் அந்தப் பெண்ணை எல்லோரும் மறந்துவிடுவார்கள். சொல்லிவிட்டு உடனே அவள் பக்கம் திரும்பி, "நீங்க ஓகேவா? வேற இடம் போகணுமா?" என்று கேளுங்கள்.

குடித்திருக்கிறான், கும்பலாக இருக்கிறார்கள், கையில் ஏதோ இருக்கிறது என்றால் நேரடியாகப் போகாதீர்கள். அங்கே 112-க்கு அழைப்பதுதான் தலையீடு.

நாலு தட்டு தட்டினால்தானே இவன்களுக்குப் புத்தி வரும்?

தர்ம அடி பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கூட்டம் அடிக்க ஆரம்பித்த மறு நிமிடம் விஷயம் கைமாறிவிடுகிறது. அந்தப் பெண் ஓரமாக அழுதுகொண்டு நிற்பாள், அவளுக்குத் தண்ணீர் கொடுக்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், எல்லாக் கையும் அவன் சட்டையில் இருக்கும். அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போவான், அடித்தவர்கள் மேல் வழக்கு வரும், அவனுடைய வக்கீல் அதைத்தான் முதலில் பேசுவார். ஆள் மாறி அடி வாங்கிய கதைகளும் நம் ஊரில் உண்டு.

தற்காப்பு வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 35-ஆவது பிரிவு, உங்கள் உடலை மட்டுமல்ல, வேறொருவர் உடலையும் தாக்குதலிலிருந்து காக்கும் உரிமையைத் தருகிறது. ஒருத்தியை இழுத்துக்கொண்டு போகிறவனைத் தடுக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். அவன் கையை விட்டுவிட்டு நின்ற பிறகு விழுகிற அடி தற்காப்பில் வராது. ஓடாமல் பிடித்து வைத்து, தாமதிக்காமல் போலீஸில் ஒப்படைப்பது வரைக்கும்தான் பொதுமக்கள் வேலை. அதுவும் கண்ணெதிரே நடந்த, ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால்தான். ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொல்கிறது.

இத்தனை பேர் நிற்கிற இடத்தில் ஏன் ஒருத்தர்கூட அசைவதில்லை? நம் ஜனங்களுக்கு ஈரமே இல்லையா?

ஈரம் இருக்கிறது. "வேற யாராவது கேப்பாங்க" என்று ஒவ்வொருத்தரும் நினைப்பதுதான் சிக்கல். 1964-இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண் தெருவில் குத்திக் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அது மிகைப்படுத்தல் என்று பின்னாளில் தெரிந்தது. ஆனால் அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு லதானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனைகள் நிலைத்துவிட்டன. ஓர் அறைக்குள் புகை வரும்படி செய்தார்கள். தனியாக உட்கார்ந்திருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாதது போல நடிக்கச் சொல்லி இரண்டு பேரைப் பக்கத்தில் உட்கார வைத்தபோது 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம் ஆபத்தை அளக்கிறோம், அவரும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் மென்பொருள் பொறியாளரான ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டதும், உடல் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நடைமேடையிலேயே கிடந்ததும் நினைவிருக்கும். அப்போது எல்லோரும் பயணிகளைத்தான் திட்டினோம். ஆனால் அந்த நிலையத்தில் கண்காணிப்பு கேமராகூட இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இருக்க வேண்டிய காவலும் கேமராவும் இல்லாமல், ஆபீஸுக்குப் போகிறவரிடம் மட்டும் வீரத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன், இங்கிலாந்தின் லங்காஸ்டர் ஆகிய மூன்று ஊர்களில் 219 தெருச் சண்டைகளின் சிசிடிவி பதிவுகளைப் பார்த்த ஆய்வில், பத்தில் ஒன்பது சம்பவங்களில் யாராவது ஒருவர் உள்ளே புகுந்து தடுக்க முயன்றிருக்கிறார்கள். அது வெளிப்படையான சண்டைகளைப் பற்றிய கணக்கு. பாலியல் தொல்லை இதைவிடக் கமுக்கமாக நடப்பது, கண்ணில் படாமலே போய்விடும். அதனால்தான் முதல் குரல் முக்கியம்.

முதல் குரல் கொடுத்த பிறகு பொதுவாக "யாராவது வாங்களேன்" என்று கத்தாதீர்கள், ஒருத்தரும் வர மாட்டார். ஆளைச் சுட்டுங்கள். "நீலச் சட்டை அண்ணா, நீங்க கண்டக்டரைக் கூப்பிடுங்க. அக்கா, நீங்க இவங்க பக்கத்துல நில்லுங்க." பெயர் தெரியாவிட்டாலும், வேலை கொடுத்துவிட்டால் மனிதர்கள் செய்துவிடுகிறார்கள்.

கண்டக்டர், டிரைவருக்கு இதில் பொறுப்பு உண்டா? "எறங்கிப் போய் சண்டை போடுங்க" என்கிறார்களே?

நிறையவே உண்டு. 1998-இல் சென்னையில் ஆட்டோவில் வந்தவர்கள் சீண்டியதில் கீழே விழுந்து ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். அதன் பிறகு வந்ததுதான் தமிழ்நாடு பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம். பஸ்ஸில் தொல்லை நடந்து, பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால் ஊழியர்கள் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போய்த் தகவல் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கோயில், தியேட்டர், பஸ் ஸ்டாண்டு, கல்லூரி ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும் தங்கள் வளாகத்தில் தடுக்கும் கடமை இருக்கிறது. 2022-இல் மாநில மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது போன்றவற்றைச் செய்யும் பயணியை இறக்கிவிடவும் போலீஸில் ஒப்படைக்கவும் கண்டக்டருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் 1998 சட்டத்தின் தண்டனைகளையும் கூட்டி, இணையவழித் தொல்லையையும் அதற்குள் கொண்டுவந்தார்கள்.

"வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க" என்று ஒரு பயணி சொன்னால் கண்டக்டர் முறைப்பார், நாலு பேர் சேர்ந்து சொன்னால் விடுவார். லேட்டாகிறதே என்று முணுமுணுக்கிற மற்ற பயணிகளைச் சமாளிப்பதும் உங்கள் வேலைதான்.

போனில் வீடியோ எடுக்கலாமா?

ஏற்கனவே யாராவது அவளுக்கு உதவிக்கொண்டிருந்தால் எடுங்கள். யாருமே உதவாதபோது பத்து பேர் போனைத் தூக்கி நிற்பது வேடிக்கையின் இன்னொரு வடிவம். அவன் முகம், பஸ்ஸின் பதிவு எண், ஸ்டாப்பின் பெயர், நேரம் இவை பதிவானால் போதும். அவள் முகம் வேண்டாம்.

எடுத்ததை அவளிடம் கொடுங்கள், என்ன செய்வது என்பதை அவள் முடிவு செய்யட்டும். நியாயம் கேட்கிறேன் என்று நீங்களே இணையத்தில் போட்டுவிடாதீர்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 2019-இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் வெளியானதற்கும், 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கை கசிந்ததற்கும் தலா 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த இரண்டு தடவையும் பெயர் வெளியே வந்தது காவல்துறை, அரசு ஆவணங்களிலிருந்து. அவற்றை வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் பார்வர்டு செய்தவர்கள் எல்லாம் தங்களை நல்லவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சாட்சி சொல்லப் போனால் ஸ்டேஷன், கோர்ட்டு என்று வருஷக்கணக்கில் அலைய வேண்டுமே?

அலைச்சல் இருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். பொள்ளாச்சி வழக்கில் தீர்ப்பு வர ஆறு வருஷம் ஆனது. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது, பிறழ்சாட்சியாக மாறாமல் நின்றவர்களால்தான் அது நடந்தது.

பயத்தைக் கொஞ்சம் குறைக்கிற விஷயங்கள் சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெண் சாட்சியையோ 60 வயதைத் தாண்டியவரையோ விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போலீஸ்தான் வர வேண்டும். சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரை வாங்கியாக வேண்டும், "அது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. குறிப்பிட்ட பாலியல் குற்றங்களில் தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவு. சாட்சிகளுக்கு மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்க 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது.

இன்னொன்று, சாலை விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்கும் சட்டத்தை இதோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது விபத்துக்கு மட்டும்தான்.

நானே ஒரு பெண், தனியாக இருக்கிறேன். நான் தலையிட்டு என் மேல் திரும்பினால்?

அப்படியானால் நேரடியாகத் தலையிடாதீர்கள், அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. தூரத்தில் நின்று போன் செய்வது, கடைக்காரரை அழைத்து வருவது, அவன் போன பிறகு அவளிடம் போய், "நான் பார்த்தேன்மா. உன்மேல தப்பு இல்ல. வீடு வரைக்கும் வரட்டுமா?" என்று கேட்பது, இவை எல்லாமே கணக்கில் வரும். கடைசியாகச் சொன்னதை மக்கள் சாதாரணமாக நினைக்கிறார்கள். நடந்ததை வேறொருவரும் பார்த்திருக்கிறார் என்ற ஒன்றே, "நானாகக் கற்பனை செய்துகொண்டேனோ" என்ற குழப்பத்திலிருந்து பல பெண்களை வெளியே கொண்டுவந்துவிடும்.

அவள் அந்த நேரத்தில், அந்த உடையில் ஏன் வெளியே வந்தாள் என்று கேட்பதும் விழிப்புணர்வுதானே?

இல்லை. புடவை கட்டிய பாட்டிக்கும் யூனிபார்ம் போட்ட சிறுமிக்கும் காலை ஒன்பது மணி பஸ்ஸில் நடக்கிறது.

பீச்சிலும் பார்க்கிலும் ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களை விசாரிப்பது தலையீடு ஆகுமா?

ஆகாது. அது அத்துமீறல். இரண்டு பேர் விருப்பத்தோடு பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் என்ன சாதி, என்ன உறவு, வீட்டில் தெரியுமா என்பதெல்லாம் உங்கள் சோலி இல்லை. "கலாச்சாரக் காவலர்" வேலை பார்க்கிறவர்கள் போனைப் பிடுங்கி, வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவார்கள். அந்த மிரட்டலை வைத்தே பணமும் அதற்கு மேலும் பறிக்கிற கும்பல்கள் இருக்கின்றன. பெண் புகார் கொடுக்க மாட்டாள், வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற தைரியம்தான் அவர்களுக்கு. அவள் விலக முயல்கிறாள், கையை உதறுகிறாள், அழுகிறாள் என்றால் மட்டும் போய், "எதாவது உதவி வேணுமாம்மா?" என்று அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கள், போதும்.

பக்கத்து வீட்டில் சத்தம் கேட்கிறது. அது குடும்ப விஷயம் இல்லையா?

பஸ்ஸைப் பற்றி இவ்வளவு பேசினேன், ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி வருஷா வருஷம் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றவாளி தெரிந்தவன்தான். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், முதலாளி. ஆக, நிஜமான சோதனை சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

2008-இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு "பெல் பஜாவோ" என்று ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் மனைவியை அடிக்கிற சத்தம் கேட்டால் போய்க் காலிங் பெல்லை அடி, கதவு திறந்ததும் "ஒரு கப் பால் கிடைக்குமா" என்று எதையாவது கேள், அவ்வளவுதான் அதன் சாரம். நம் அபார்ட்மெண்டுக்கும் லைன் வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தும். "அக்கா, கொத்தமல்லி இருக்கா?", "எங்க வீட்ல கரண்ட் போச்சு, உங்க வீட்ல இருக்கா?" யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும், அவளுக்கும் தெரிந்துவிடும்.

மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு அவளிடம் தனியாகப் பேசுங்கள். "பொறுத்துப் போ, பிள்ளைகளுக்காக" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம், நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் பதினெட்டு வயது தாண்டிய பெண் விஷயத்தில் அவளைக் கேட்காமல் போலீஸை வரவழைத்தால், போலீஸ் போன பிறகு அந்த அடி அவள் மேல்தான் விழும். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வேறு, அப்போது யோசிக்காமல் கூப்பிடுங்கள்.

குழந்தை விஷயம் என்றால்?

அனுமதி, ஆலோசனை எதுவும் கிடையாது, சொல்லியே ஆக வேண்டும். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி 18 வயதுக்குட்பட்டவருக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்த எவரும் போலீஸில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. டீச்சர், டாக்டர், தாத்தா, பக்கத்து வீட்டு மாமி, யாருக்கும் விலக்கில்லை. "குடும்ப மானம்" என்று பேசி முடித்துவிடுகிற பெரியவர்களுக்கு இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள், சட்டென்று குரல் இறங்கும். 1098 குழந்தைகளுக்கான எண்.

நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் வருகிறது. நான் அனுப்பவில்லையே, எனக்கென்ன?

நூறு பேர் இருக்கிற குரூப்பில் "இத டெலீட் பண்ணுடா, இது கேஸு" என்று ஒரே ஒருத்தன் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? உடனே நாலு பேர் கிண்டல் செய்வார்கள், பத்து நிமிடம் கழித்து படம் காணாமல் போயிருக்கும். ஆண்கள் ஆண்களிடம் சொல்கிற சொல்லுக்கு இருக்கிற எடை, பெண்கள் ஆயிரம் முறை சொன்னாலும் வருவதில்லை. எரிச்சலான உண்மை, ஆனால் உண்மை. மும்பையில் கிரிக்கெட் பயிற்சியாளர்களைப் பயிற்றுவித்து, அவர்கள் மூலம் பையன்களிடம் பெண்களை மதிப்பது பற்றிப் பேச வைத்த "பரிவர்த்தன்" திட்டம் இந்த எடையைத்தான் பயன்படுத்தியது.

அந்தப் பெண் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் அவரிடம் நிதானமாகத் தெரிவியுங்கள், படத்தை அவருக்கே பார்வர்டு செய்து அதிர வைக்காதீர்கள். குரூப் பெயர், அனுப்பிய எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக் கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஸ்டாப்என்சிஐஐ என்ற தளத்தில், படத்தை வெளியே அனுப்பாமலே அதன் டிஜிட்டல் ரேகையை மட்டும் பதிந்து பெரிய சமூக ஊடகங்களில் பரவாமல் தடுக்கும் வசதியும் உண்டு.

வேலை செய்யும் இடத்தில் சூப்பர்வைசரே இப்படி இருந்தால், பக்கத்து மெஷினில் இருப்பவள் என்ன செய்ய முடியும்?

தனியாளாக முடிவது குறைவு. 2021-இல் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார், சூப்பர்வைசரிடம் பல மாதங்கள் அவர் தொல்லை அனுபவித்து வந்தது பிறகு வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்ததுதான். தையல் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு, பார்த்ததைச் சொல்வதே பொறுப்பாகக் கொடுக்கப்படுகிறது, அவளை மிரட்டினால் கேட்க யூனியன் இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவரை மாற்ற அறிவுரையைவிட இந்த மாதிரி ஏற்பாடு பல மடங்கு வேலை செய்யும்.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதைவிடச் சிறிய கடைக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம். குழுவின் விசாரணையில் "நான் எதையும் பார்க்கலை" என்று தலையைக் குனிந்துகொள்வதுதான் பெரும்பாலான புகார்களைக் கொல்கிறது. மேலதிகாரி கொச்சையாக ஜோக் அடிக்கும்போது சிரிக்காமல் இருப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம், அதற்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள்.

ஊரில் பெரிய கை, சாதிக்காரர்கள், இல்லை போலீஸே செய்தால்? அங்கே யார் தலையிடுவது?

வெளியிலிருந்து ஆள் வர வேண்டும், அமைப்பு வர வேண்டும். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் ஊரையே சூறையாடி 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊரே சிறையிலும் காட்டிலும் இருந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் வாய் திறக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் அங்கே போய் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. முப்பத்தோரு வருஷம்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண், குற்றவாளி அந்தச் சமூகங்களைச் சேராதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். அதில் 15ஏ பிரிவு சாட்சிகளுக்கும் பாதுகாப்பு தருகிறது. "ஊர்க் கூட்டத்தில் பேசி முடிச்சுக்கலாம்" என்ற பேச்சுக்கு உடன்படாதீர்கள்.

ஒரு பெண் எனக்கு இப்படி நடந்தது என்று என்னிடம் வந்து சொன்னால்?

முதலில் கேளுங்கள். "ஏன் கத்தலை, ஏன் அப்பவே சொல்லலை" என்று குறுக்கே கேட்காதீர்கள், பயத்தில் உடம்பு உறைந்துபோவது சகஜம். நம்புகிறேன் என்று சொல்லுங்கள். அப்புறம் நேரத்தைப் பாருங்கள், ஏனென்றால் சில விஷயங்களுக்குக் கெடு இருக்கிறது. கருத்தடை மாத்திரைக்கும் எச்ஐவி தடுப்பு மருந்துக்கும் 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல், உடையைத் துவைக்காமல் காகித உறையில் போட்டு எடுத்துப் போகட்டும், பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கிக் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போகலாம். அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும், மறுத்தால் அது குற்றம். இரண்டு விரல் பரிசோதனையை 2022-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது, யாராவது செய்ய முயன்றால் நீங்கள் குறுக்கே பேசலாம்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. நீங்கள் கூடப் போய் வாசலில் உட்காருங்கள், வண்டி ஓட்டுங்கள், அவள் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசுங்கள். ஒரு வாரம் கழித்தும் "சாப்பிட்டியா" என்று கேளுங்கள், முதல் நாள் கூடிய கூட்டம் அதற்குள் கலைந்திருக்கும்.

எந்த எண்களைப் போனில் பதிந்து வைக்க வேண்டும்?

அவசரத்துக்கு 112. பெண்களுக்கான உதவி எண் 181, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தங்குமிடம், ஆலோசனை, சட்ட உதவிக்கு ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கும் வழி சொல்வார்கள். ரயிலில் 139. குழந்தைகளுக்கு 1098. இலவச வக்கீல் வேண்டுமென்றால் 15100. தமிழ்நாடு காவல்துறையின் "காவல் உதவி" செயலியை இறக்கி, உங்கள் போனில் மட்டுமல்ல, வீட்டில் இருக்கிற எல்லோருடைய போனிலும் முதல் பக்கத்தில் வையுங்கள். அதில் சிவப்பு அவசர பட்டன் இருக்கிறது, அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். பதிவு செய்யும்போதே லொகேஷன் அனுமதி கொடுத்துவிடுங்கள், நிறையப் பேர் அதைத் தட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.